இங்க ஜியாலஜிஸ்ட்டுக்கு லைசென்ஸே கேக்கல, கலிஃபோர்னியால கேக்குறாங்க. சிங்கப்பூர் அனுபவம் அங்க செல்லுமா?

தெம்பனிஸ்_மலர்

எல்லாருக்கும் வணக்கம். நான் சேலத்துல ஜியாலஜி எம்.எஸ்சி முடிச்சிட்டு இங்க வந்து 6 வருஷமா ஒரு மண் ஆய்வு கம்பெனில இருக்கேன். போர்ஹோல் (மண்ணுக்குள்ள போடுற துளை) லாக் எழுதுறது, அதுல இருந்து எடுத்த கல்லு துண்டுங்க இருக்கிற கோர் பாக்ஸ் பாக்குறது, எஸ்.பி.டி (மண்ணோட கெட்டித்தனத்த அடி எண்ணி பாக்குற சோதனை) எண்ணுறப்ப துளை போடுற ரிக் பக்கத்துல நிக்கிறது, ரிப்போர்ட் டிராஃப்ட் எல்லாம் நான்தான், ஆனா கடைசி பக்கத்துல கையெழுத்து பி.இ (பதிவு பெற்ற இன்ஜினியர்) போடுவார், என் பேரு உள்ள எங்கயாவது சின்னதா இருக்கும், இல்லாமலும் போகும்.

இப்ப வீட்டுக்காரருக்கு சான் ஹோசேக்கு மாற்றல். நானும் அங்க ரெண்டு மூணு கம்பெனிக்கு எழுதிப் பாத்தேன். ஒரே பதில்தான், ஸ்டாஃப் ஜியாலஜிஸ்ட்டா சேந்துக்கலாம், அதுக்கு மேல போகணும்னா பி.ஜி (ப்ரொஃபஷனல் ஜியாலஜிஸ்ட்) லைசென்ஸ் வேணும்னு. டாக்டர், வக்கீலுக்கு லைசென்ஸ் சரி, கல்லு பாக்குறவங்களுக்குமா? ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சட்டம்னு வேற சொல்றாங்க. இந்த 6 வருஷம் கணக்குல வருமா இல்ல மறுபடி முதல்ல இருந்தா? அங்க போய் எழுதினவங்க யாராவது இருந்தா சொல்லுங்க ப்ளீஸ், ஜூன்ல கிளம்புறோம்.

உட்லண்ட்ஸ்டூ_கலிஃபோர்னியா

மலர், நானும் உங்கள மாதிரி இங்க 4 வருஷம் எம்.ஆர்.டி ரயில் சைட்ல லாகிங் பண்ணிட்டுதான் அங்க போனேன், இப்ப கலிஃபோர்னியா பி.ஜி.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சிக்கணும், அமெரிக்கா முழுக்க ஒரே லைசென்ஸ் கிடையாது. 1956-ல அரிசோனா ஆரம்பிச்சுது, கலிஃபோர்னியா 1968-ல சட்டம் போட்டுது, நியூயார்க் எல்லாம் 2016-லதான் வந்துது. இப்ப முப்பது மாநிலத்துக்கு மேல இருக்கு. கொலராடோல யாரை ப்ரொஃபஷனல் ஜியாலஜிஸ்ட்னு சொல்லலாம்னு சட்டத்துல எழுதி வெச்சிருக்காங்க, ஆனா லைசென்ஸ் போர்டு இல்ல. ஆனா பரீட்சை பெரும்பாலும் பொதுவானது, மாநில போர்டுகள் எல்லாம் சேந்து வெச்சிருக்கிற ஆஸ்பாக்னு ஒரு அமைப்பு நடத்துது. ரெண்டு தாள். ஃபண்டமென்டல்ஸ் தாள் காலேஜ்ல படிச்சதுதான், மினராலஜி, ஸ்ட்ரக்சரல், ஸ்ட்ராட்டிகிராஃபி, நிலத்தடி நீர். அத பாஸ் பண்ணா ஜியாலஜிஸ்ட் இன் ட்ரெயினிங் ஆகலாம், நீங்க இங்க இருக்கும்போதே படிக்க ஆரம்பிச்சிடுங்க. பிராக்டிஸ் தாள் அனுபவம் வந்தப்புறம் எழுதுறது. கலிஃபோர்னியால இதுக்கு மேல அவங்க மாநிலத்துக்குன்னு தனியா ஒரு தாள் இருக்கு, ஃபால்ட் (பூமிப் பாறைல இருக்கிற பிளவு), நிலநடுக்கம், அந்த ஊர் சட்டம் எல்லாம் வரும். நான் அதுலதான் மொத தடவை விட்டேன். சிங்கப்பூர்ல 4 வருஷம் இருந்தவனுக்கு ஆக்டிவ் ஃபால்ட் எங்க தெரியும், படிச்சுதான் ஆகணும்.

உங்க 6 வருஷம் வீண் போகாது. மொத்தம் 5 வருஷம் கேப்பாங்க, டிகிரிக்கு அதுல கொஞ்சம் கழிவு உண்டு. ஆனா அவங்க எண்ணுறது நீங்க வேலை பாத்த வருஷத்த இல்ல, யார் மேற்பார்வைல என்ன முடிவு நீங்களே எடுத்தீங்கன்றத, அதுவும் அந்த ஆள் ரெஃபரன்ஸ் ஃபார்ம்ல எழுதித் தரணும். கோர் பாக்ஸ ஃபோட்டோ எடுத்தேன்னு எழுதினா நிக்காது. இந்த ஆழத்துல பாறை ஆரம்பிக்குதுன்னு நான் தீர்மானிச்சேன், காரணம் இது, அப்படி எழுதணும். உங்களுக்கு மேற்பார்வை பாத்தது சிவில் பி.இ, அத எப்படி எடுத்துக்குவீங்கன்னு போர்டுக்கே ஈமெயில் போட்டு பதில வாங்கி வெச்சிக்கோங்க, வாய்ல கேட்டது உதவாது.

இன்னொண்ணு, லைசென்ஸ் வர்றவரைக்கும் கார்டுலயோ லிங்க்ட்இன்லயோ ப்ரொஃபஷனல் ஜியாலஜிஸ்ட்னு போட்டுறாதீங்க. அந்த ஊர்ல அந்தப் பட்டமே சட்டப்படி காப்பாத்தப்பட்டது. ஒரு பி.ஜி கீழ வேலை பாக்குறதுக்கு லைசென்ஸ் வேணாம், அதனாலதான் உங்கள ஸ்டாஃபா எடுக்கத் தயாரா இருக்காங்க.

பாயாலேபார்_சிவில்

நான் இங்க பி.இ. கல்லு பாக்குறவங்களுக்குமான்னு மலர் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்றேன்.

கலிஃபோர்னியால 1928 மார்ச் 12 நடுராத்திரி செயின்ட் ஃப்ரான்சிஸ் அணை உடைஞ்சுது, 400 பேருக்கு மேல செத்தாங்க. ஒரு பக்கம் அணைய சாச்சது பழைய நிலச்சரிவு மேல, இன்னொரு பக்கம் இருந்த காங்ளாமரேட் தண்ணிய பாத்தா கரையுற கல்லு. ஒரு துண்ட டம்ளர் தண்ணில போட்டு வெச்சிருந்தாலே தெரிஞ்சிருக்கும். உடையறதுக்கு ஒரு 12 மணி நேரம் முன்னாடிதான் தலைமை இன்ஜினியர் முல்ஹாலண்ட் நேர்ல போய் கசிவ பாத்துட்டு பயமில்லன்னு சொல்லிட்டு வந்தார். மறு வருஷமே சிவில் இன்ஜினியருக்கு பதிவு சட்டம் வந்துடுச்சு, ஆனா ஜியாலஜிஸ்ட்டுக்கு வர இன்னும் 39 வருஷம் ஆச்சு. நடுவுல லாஸ் ஏஞ்சலிஸ் மலைச்சரிவுல வரிசையா வீடு கட்டி மழைல சரிஞ்சு, 1952-ல மலைய வெட்டி சமன்படுத்துறதுக்கு கிரேடிங் சட்டம் போட்டாங்க. 1956-ல அந்தப் பக்கமே போர்ச்சுகீஸ் பெண்ட் நிலச்சரிவு நகர ஆரம்பிச்சுது, இன்னும் நகந்துட்டுதான் இருக்கு. மலைய வெட்டலாமா வேணாமான்னு சொல்ற ஆளோட பேரு தெரியணும், தப்புன்னா அவர கேள்வி கேக்க முடியணும், அவ்வளவுதான் லைசென்ஸ்.

நம்ம ஊர்ல 2004 ஏப்ரல் 20 நிக்கல் ஹைவேல எம்.ஆர்.டி-க்கு தோண்டின குழி இடிஞ்சுது. 4 பேர் போனாங்க, ஒரு ஃபோர்மேனோட உடல் கடைசி வரைக்கும் கிடைக்கல. அங்க மரைன் கிளே (மெத்துன்னு இருக்கிற கடல் களிமண்) எவ்வளவு ஆழம்னு இந்தத் துறைல எல்லாருக்கும் தெரியும். விசாரணைல டிசைன் கணக்குல களிமண்ணோட பலத்த கூடுதலா எடுத்துக்கிட்டது, குழிச்சுவர தாங்குற ஸ்ட்ரட் இணைப்பு தாங்காதது ரெண்டும் வெளிய வந்துது. அதுக்கப்புறம்தான் 6 மீட்டருக்கு மேல தோண்டுனா ஜியோடெக்னிக்கல் ஸ்பெஷலிஸ்ட் பி.இ பொறுப்பேத்துக்கணும், இன்னொரு செக்கர் தனியா சரிபாக்கணும்னு கொண்டு வந்தாங்க. நல்ல சட்டம், நான் அதுக்குள்ளதான் வேலை பாக்குறேன். ஆனா அதுல ஜியாலஜிஸ்ட்டுக்கு இடமே இல்ல. பி.இ ஆக இன்ஜினியரிங் டிகிரி வேணும். என் கணக்கு எல்லாமே மலர் மாதிரி ஒருத்தங்க வெயில்ல நின்னு எழுதின லாக் மேலதான் நிக்குது, அவங்க பேரு எந்தப் பதிவேட்டுலயும் இல்ல. இது எனக்கு பல வருஷமா உறுத்துது.

கிராஞ்சி_மாமா

தம்பி சொல்றது நூத்துக்கு நூறு. நான் ரிக்ல 24 வருஷம், இப்ப ரிட்டயர்ட். ஒரு அனுபவம் சொல்றேன்.

சிட்டி பக்கம் ஒரு சைட். ஃபோர்ட் கேனிங் போல்டர் பெட் தெரியும்ல, கெட்டிக் களிமண்ணுக்குள்ள லாரி சைஸ்ல எல்லாம் மணற்பாறை உருண்டை கிடக்கும். பிட் கல்ல தொட்டுது, ரெண்டு மீட்டர் நல்ல கோர் வந்துது. பாறை வந்தாச்சு, மூடுன்னு சைட்ல இருந்து போன். லாக் எழுதின பொண்ணு, உங்க வயசுதான் இருக்கும், கேக்கல. மாமா இன்னும் அஞ்சு மீட்டர் போங்க, கல்லுல இருக்கிற வெடிப்போட (ஜாயின்ட்) சாய்வு பக்கத்து போர்ஹோலோட ஒத்து வரல, இது தனிக் கல்லா இருக்கலாம்னு சொல்லுச்சு. போனோம். அடுத்த அரை மீட்டர்ல கல்லு முடிஞ்சு மறுபடி களிமண். கட்டடத்த தாங்குற பைல் அந்தக் கல்லு மேல உக்காந்திருந்தா என்ன ஆயிருக்கும்? ஆனா நேரம் போச்சு, காசு போச்சுன்னு அந்தப் பொண்ணுக்குத்தான் திட்டு, அடுத்த ப்ராஜெக்ட்ல அத மாத்திட்டாங்க. கம்பெனி பேரு வேணாம். அது கைல ஒரு லைசென்ஸ் இருந்திருந்தா, நான் கையெழுத்து போடறவ, மூட முடியாதுன்னு சொல்லியிருக்கும்ல. இங்கயும் வரணும்மா அது. நம்ம ஊர்ல படிச்சிட்டு வர்ற ஜியாலஜி புள்ளைங்க எத்தனை பேரு இந்த ரிக் பக்கத்துல நிக்கிறாங்க, எண்ணிப் பாத்திருக்கீங்களா?

தெம்பனிஸ்_மலர்

மாமா, படிச்சிட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். எனக்கும் ஒரு தடவை அப்படி போன் வந்திருக்கு. நான் மூடிட்டேன். அந்த போர்ஹோல் நம்பர் இன்னும் ஞாபகம் இருக்கு. அடுத்த நாளே பி.இ கிட்ட சொல்லி பக்கத்துல இன்னொண்ணு போட வெச்சோம், பாறைதான், தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா அன்னிக்கு ராத்திரி தூக்கமே இல்ல.

உட்லண்ட்ஸ் அண்ணா, ஒரே ஒரு டவுட். என்னோட முதல் ரெண்டு வருஷம் மேற்பார்வை பாத்த பி.இ ஓய்வாகி ஜொகூர் போயிட்டார். அவர் கிட்ட இப்பவே எழுதி வாங்கிடவா இல்ல அங்க போய் அப்ளை பண்றப்ப கேட்டா போதுமா?

உட்லண்ட்ஸ்டூ_கலிஃபோர்னியா

இப்பவே வாங்குங்க. ஃபார்ம் நேரா போர்டுக்குப் போறது அப்புறம், ஆனா என்னென்ன ப்ராஜெக்ட், எந்த மாசத்துல இருந்து எந்த மாசம் வரைக்கும், நீங்க என்ன தீர்மானிச்சீங்கன்னு ஒரு பக்கம் டைப் பண்ணி எடுத்துட்டுப் போய் அவரோட உக்காந்து சரிபாத்து தேதி போட்டு கையெழுத்து வாங்கிடுங்க. நான் அப்படி செய்யாம விட்டு, ஒரு மேலாளர் இறந்து போய் ஒண்ணேகால் வருஷ அனுபவத்த நிரூபிக்க முடியாம இழந்தேன். மாமா சொன்னாரே அந்த மாதிரி முடிவு உங்க லாக்ல எங்கெங்க இருக்கோ அதையெல்லாம் அந்தப் பக்கத்துல எழுதுங்க, அதுதான் எடுபடும்.

தெம்பனிஸ்_மலர்

சரிண்ணா. அவர் கிட்ட பேசிட்டேன், ஞாயித்துக்கிழமை ஜொகூர் வரச் சொல்லியிருக்கார். 2019 லாக் புக் எல்லாம் தேடி எடுத்துட்டு இருக்கேன்.