நெட்வொர்க் ப்ளேயரில் பாட்டு நின்று நின்று போகிறது: கோளாறு எங்கே?

இசைப்பித்தன்:
ஹாலில் ஸ்டீரியோ ஆம்ப், ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர். புதிதாக ஒரு நெட்வொர்க் ப்ளேயர் (வீட்டு நெட்வொர்க் வழியாகப் பாட்டை எடுத்து ஓட்டும் பெட்டி) வாங்கி, ஆர்சிஏ வயரில் ஆம்பின் ஆக்ஸில் கொடுத்திருக்கிறேன். பாட்டெல்லாம் ஃப்ளாக் (தரம் குறையாமல் சுருக்கிய ஃபைல்). லேப்டாப்பில் பாட்டை ப்ளேயருக்குக் கொடுக்கும் மினிம்சர்வர் மென்பொருள் ஓடுகிறது, கண்ட்ரோல் ஆண்ட்ராய்டு போனில். லேப்டாப், ப்ளேயர் இரண்டுமே வைஃபை.

24/192 (24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்) ஃபைல்கள் நடுவில் விட்டுவிட்டு வருகின்றன. சிடியில் இருந்து எடுத்தவை ஒழுங்காக ஓடும், ஆனால் ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்தது வராது. போனைத் தொட்டால்தான் வரும். கச்சேரிப் பதிவில் ஆலாபனை முடிந்து கிருதி தொடங்கும் இடத்தில் ஒரு விநாடி மௌனம் வேறு. சில நாள் ஆப்பில் ப்ளேயரே தெரிவதில்லை. பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

கம்பிக்காரன்:
அவசரப்படாதீங்க சார். பாட்டின் நடுவில் நிற்பது வேறு, முடிந்தபின் நிற்பது வேறு.

நடுவில் நிற்பது வைஃபை. 24/192 ஸ்டீரியோ அமுக்காமல் விநாடிக்கு 9.2 மெகாபிட், சிடி 1.4 தான். லேப்டாப்பில் இருந்து ரவுட்டருக்கு ஒரு தடவை, அங்கிருந்து ப்ளேயருக்கு இன்னொரு தடவை என்று ஒரே பாட்டு காற்றில் இரண்டு முறை போகிறது. பக்கத்து வீட்டு ரவுட்டர்களும் நெருக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இது திணறும். முதலில் அதே ஃபைலை பென்டிரைவில் போட்டு ப்ளேயரின் யூஎஸ்பியில் செருகிப் பாருங்கள். சுத்தமாக ஓடினால் பெட்டி மேல் குற்றமில்லை. பிறகு ப்ளேயருக்கு ரவுட்டரில் இருந்து ஒரு கேட்5இ லேன் வயர் இழுங்கள், போதும். ‘ஆடியோ கிரேடு’ என்று ஆயிரக்கணக்கில் விற்கும் லேன் கேபிள் பக்கம் போகவே வேண்டாம்.

முடிந்தபின் நிற்பதற்குப் போன்தான் காரணம். சாதாரண யூபிஎன்பியில் (ஆப்பும் ப்ளேயரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறை) பாட்டு வரிசை போனில்தான் இருக்கும், ப்ளேயரில் இல்லை. ஸ்கிரீன் அணைந்ததும் ஆண்ட்ராய்டு ஆப்பைத் தூங்க வைத்துவிடும். அடுத்த பாட்டைச் சொல்ல ஆளில்லை. அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரி ஆப்டிமைசேஷனை நிறுத்துங்கள். ப்ளேயரில் ஓப்பன்ஹோம் வசதி இருந்தால் அதைப் போடுங்கள். வரிசை ப்ளேயருக்குள்ளேயே உட்கார்ந்துவிடும், போனை அணைத்தாலும் ஆல்பம் ஓடும். லேப்டாப்பை மூடினாலும் ஸ்லீப் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்ருதிபெட்டி:
அந்த ஒரு விநாடி மௌனத்துக்கு: இப்போதைய பாட்டு ஓடும்போதே அடுத்த பாட்டின் முகவரியை ஆப் ப்ளேயருக்குக் கொடுத்து வைக்க வேண்டும். ஆப்பில் ‘கேப்லெஸ்’ என்று இருப்பதை ஆன் செய்யுங்கள். ப்ளேயருக்கும் அந்த வசதி இருந்தால்தான் வேலை செய்யும். இதைப் போட்டால் போன் தூங்கும் தொல்லை தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். ஒன்றுக்குப் பதில் இரண்டு பாட்டு ஓடி நிற்கும், அவ்வளவுதான். கச்சேரி எம்பி3யில் இருந்தால் பாட்டின் முன்னும் பின்னும் என்கோடர் சேர்க்கும் வெற்றிடம் தனி. ஃப்ளாக்கில் அது கிடையாது.

ப்ளேயர் காணாமல் போவதற்கு: ஃபைபர் கனெக்‌ஷனோடு வந்த பெட்டி ஒன்று, நீங்கள் வாங்கிய ரவுட்டர் ஒன்று என்று இரண்டு இருக்கிறதா? போன் ஒன்றிலும் ப்ளேயர் இன்னொன்றிலும் சேர்ந்தால் ஒன்றையொன்று பார்க்காது. ப்ளேயரைத் தேடும் அழைப்பு 239.255.255.250 என்ற மல்டிகாஸ்ட் (ஒரே நேரத்தில் பல கருவிகளுக்குப் போகும்) முகவரிக்குப் போவது, ரவுட்டரைத் தாண்டாது. இரண்டாவதை ஏபி மோடில் (தனி நெட்வொர்க் போடாமல், முதல் பெட்டியின் நெட்வொர்க்கையே வைஃபையில் தரும் முறை) போடுங்கள். கெஸ்ட் வைஃபையில் எதையும் சேர்க்காதீர்கள்.

இசைப்பித்தன்:
பென்டிரைவில் சுத்தமாக ஓடியது. லேன் வயர் போட்டதும் 24/192 ஒரு இடத்திலும் நிற்கவில்லை. ரவுட்டர் இரண்டுதான், ஏபி மோடில் போட்டேன், ப்ளேயர் தெரிகிறது. கேப்லெஸும் வேலை செய்கிறது. ஆனால் இப்போது ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல், பாட்டு ஓடாதபோதும். வைஃபையில் இருந்தவரை இது இல்லை.

கம்பிக்காரன்:
வயரின் முனையைப் பாருங்கள். பிளக்கைச் சுற்றி உலோகத் தகடு இருந்தால் அது ஷீல்டு கேபிள் (உள்ளே உலோக உறை போட்டது). அந்தத் தகடு வழியாக ரவுட்டரின் எர்த்தும் ப்ளேயரின் எர்த்தும் சேர்ந்து, ஆர்சிஏ வயர் மூலம் ஆம்புக்குள் வளையம் போடுகிறது. லேனை உருவியதும் இரைச்சல் நின்றால் இதேதான். முழுக்க பிளாஸ்டிக் பிளக் உள்ள, ஷீல்டு இல்லாத யூடிபி வயர் மாற்றுங்கள். லேன் போர்ட்டுக்குள் இருக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் மீதியைத் தடுத்துவிடும். ஆம்பின் எர்த் பின்னை மட்டும் கழற்றிவிடாதீர்கள்.

இசைப்பித்தன்:
தகடு இருந்தது. சாதா வயர் மாற்றியதும் சத்தமே இல்லை.