போன் காட் அம்மாட கையில, காசு மட்டும் எப்பிடிப் போச்சு?

யாழ்_டொரன்டோ:
அம்மா இப்பவும் யாழ்ப்பாணத்துக்கு சுரண்டுற காட்டிலதான் கதைக்கிறவ, அங்க சித்தியிட்ட ஸ்மார்ட்போன் இல்லை. போன கிழமை அஞ்சு டொலர் காட் வாங்கி கோயில் மண்டபத்து போன்ல ஒருக்காத்தான் கதைச்சவ, அடுத்தநாள் வீட்டில இருந்து அடிச்சா மிச்சம் இல்லையாம். காட் கைப்பைக்குள்ளதான் கிடந்தது, பிறகு எப்பிடி மற்றவன் எடுப்பான்?

கம்பி_வேலை:
கார்டு வெறும் அட்டைங்க, காசு முழுக்க அந்த பின் நம்பர்லதான் இருக்கு. கார்டு கம்பெனியோட ஆக்சஸ் நம்பருக்கு முதல்ல அடிச்சு பின்னை அடிச்சா போதும், அடிக்கிறது யாரு எந்த போன்னு பல கம்பெனி சிஸ்டம் பாக்கவே பாக்காது. பின் போறதும் பட்டன் சத்தமாத்தான், ஒவ்வொரு எண்ணுக்கும் ரெண்டு ஃப்ரீக்வென்சி சேர்ந்த டோன், லைன்ல யாராவது ரெக்கார்ட் பண்ணா அப்படியே எண்ணா பிரிச்சிடலாம். மண்டபத்துல அவ்ளோ வித்தையெல்லாம் தேவையில்ல, சில போன்ல ரீடயல், அதாவது கடைசியா அடிச்சதை திரும்ப அடிக்கிற பட்டனை அமுக்கினா பின்னோட சேர்த்து மொத்தமும் திரும்பப் போகும். அம்மாவை பேசி முடிச்சதும் ரிசீவரை மறுபடி எடுத்து வேற ஏதாவது நாலு எண்ணை அடிச்சிட்டு வைக்கச் சொல்லுங்க, பழசு அழிஞ்சிடும்.

பழைய_நியூயார்க்:
ப்ரீபெய்டா இருந்ததால அஞ்சு டாலரோட போச்சு. 80, 90கள்ல அமெரிக்க போன் கம்பெனி ஏடி அண்ட் டியோட காலிங் கார்டுல மொத்தம் 14 இலக்கம், அதுல 10 நம்ம போன் நம்பரேதான், ரகசியம்னு இருந்தது கடைசி 4 மட்டும், பில் மாசக் கடைசியில வீட்டுக்கு வரும். நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் ஸ்டேஷன்ல பின்னாடி நின்னு நாம அடிக்கிற விரலைப் பாத்தே நம்பரை எடுத்து விப்பானுங்க, பில்லு வந்து பாத்தா தெரியாத நாட்டுக்கெல்லாம் கால் போயிருக்கும். உள்ளேர்ந்தும் திருட்டு நடந்துச்சு, 1994ல எம்சிஐங்கிற இன்னொரு போன் கம்பெனி ஊழியர் ஒருத்தர் 60,000க்கு மேல கார்டு நம்பரை எடுத்து வித்ததா மாட்டினார். வாடிக்கையாளர் எவ்ளோ கவனமா இருந்தாலும் அதுக்கு என்ன பண்ண முடியும்?

ஸ்காபரோ_அண்ணை:
தம்பி, களவு எண்டு முடிவெடுக்க முதல் காட்டின்ர பின்பக்கம் சின்ன எழுத்தை வாசியும். இணைப்புக் கட்டணம், பராமரிப்புக் கட்டணம் எண்டு ஒரு கோலோடயே கன காசை வெட்டுற காட்டுகள் இருக்கு. சொன்ன நிமிசம் குடுக்கேல்லை எண்டு 2008இல அமெரிக்காவில நுகர்வோரைப் பாதுகாக்கிற அரச அமைப்பு எஃப்டிசி இப்பிடியான கம்பனியள் மேல வழக்கே போட்டது. கஸ்டமர் சேர்விசுக்கு அடிச்சு அந்தப் பின்னில போன கோல் விபரத்தைக் கேளும், எந்த நேரம் எந்த நாட்டுக்குப் போனது எண்டு சொன்னா எது எண்டு தெரிஞ்சிடும். அம்மா கதைக்காத நம்பர் இருந்தா மண்டபத்துக்காரருக்கும் சொல்லும், அந்த போனில வேற வயசான ஆக்களும் எடுக்கிறவை.