கரண்டியைத் தூக்குறதுக்கு முன்னாடி சொல்லிடணும்

வெளியில சாப்பிட்டுக்கிட்டே இனிப்பு நீரை (நீரிழிவு நோயை) எப்படிச் சமாளிக்கிறீங்கன்னு ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க. என் கதையைச் சொல்றேன்.

மலேசியாவுல சுங்கை சிப்புட்டில் லோரி ஓட்டுறேன். தோட்டத்துல செம்பனைக் குலை ஏத்தி மில்லுல இறக்குற வேலை. இருபது வருஷமா பசியாறல், மத்தியானச் சாப்பாடு ரெண்டும் கடையிலதான். 2 வருஷத்துக்கு முன்னாடி கிளினிக் கெசிஹாத்தான்ல (அரசாங்கச் சுகாதார கிளினிக்) ரத்தம் எடுத்தாங்க. ரத்தச் சீனியோட மூணு மாசச் சராசரி காட்டுற எச்பிஏ1சி 8.9 வந்துச்சு. மிஸ்ஸி (தாதி) கேட்டாங்க, "என்ன குடிக்கிறீங்க அண்ணே?" "தே தாரிக். ஆனா குராங் மானிஸ்தான்"னு பெருமையாச் சொன்னேன். அதாவது ஆத்தின பால் தேத்தண்ணி, இனிப்பு கம்மியா. "கெட்டிப்பால் ஊத்துறாங்களா?"ன்னாங்க. எனக்குப் பதில் வரலை.

மறுநாள் தேத்தண்ணி கலக்குற இடத்துலயே போய் நின்னேன். கிளாஸ் அடியில முதல்ல விழுறதே டின்ல வர்ற இனிப்புக் கெட்டிப்பால்தான். குராங் மானிஸ்னு சொன்னதும் தம்பி சீனிக் கரண்டியை ஒதுக்கினாரு, பால் டின் மட்டும் எப்பவும்போல சாஞ்சது. கெட்டிப்பால்ல ஏறக்குறைய பாதி சீனி. ஒரு மேசைக்கரண்டி ஊத்தினா 10 கிராம். அன்னைக்கு நான் பார்த்தது ரெண்டு கரண்டிக்குக் குறையாது. நாளைக்கு நாலு கிளாஸ்னா 80 கிராம். உணவுல சேர்க்குற சீனி நாளைக்கு 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுன்னு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லுது. டின் பானத்துல 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல சீனி இருந்தா 2019 ஜூலை 1லேர்ந்து அரசாங்கம் வரி போடுது, எவ்வளவு சீனின்னு டின்லயே எழுதியிருக்கு. கடைக் கிளாஸ்ல எதுவும் எழுதியிருக்காது, நாமதான் எட்டிப் பார்க்கணும்.

எங்கப்பா ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டி பால் எடுத்தவர். விடியறதுக்கு முன்னாடி பிரட்டுக்கு (வேலைக்குப் பேர் கூப்பிடுற இடத்துக்கு) கிளம்பும்போது இதே கெட்டிப்பால் தேத்தண்ணிதான் குடிப்பார். அப்புறம் மத்தியானம் வரைக்கும் மேடு பள்ளத்துல வாளி தூக்கி நடப்பார், குடிச்சது அந்த நடையிலேயே கரைஞ்சிடும். நான் நாள் முழுக்க ஸ்டியரிங் பிடிச்சு உட்கார்ந்திருக்கேன். நாக்கு மட்டும் அப்பாகிட்டேர்ந்து வந்துடுச்சு.

இப்போ தே ஓ கோசோங். பாலும் இல்லை, சீனியும் இல்லை. முதல் வாரம் கஷாயம் மாதிரி இருந்துச்சு. மூணாவது வாரம்தான் தேயிலைக்குன்னு ஒரு வாசம் இருக்கிறதே தெரிஞ்சது. ரொட்டி சானாய் ஞாயித்துக்கிழமை ஒண்ணு, மத்த நாள் தோசை ரெண்டு.

எனக்குக் கஷ்டமா இருந்தது மத்தியானச் சாப்பாடுதான். வாழை இலைக் கடை அக்கா என்னைச் சின்ன வயசுலேர்ந்து பார்த்தவங்க. "லோரி ஓட்டுற புள்ள"ன்னு சோத்தைக் குவிச்சு, கறிக்குழம்பை ரெண்டு கரண்டி கூடவே ஊத்துவாங்க. கரண்டி இலைக்கு மேல வந்த பிறகு வேணாம்னா அவங்க முகம் வாடிடும். அதனால இப்போ உட்காரும்போதே, "அக்கா, பாதிச் சோறு, குழம்பு தனிக் கிண்ணத்துல, கீரையும் கோபிஸும் ரெண்டு பங்கு"ன்னு சொல்லிடுறேன். கிளினிக்ல மாட்டியிருக்கிற 'சுக்கு சுக்கு செபாரோ' (மலாய்ல கால், கால், பாதி) தட்டுப் படமும் இதேதான்: கால்வாசி சோறு, கால்வாசி மீனோ கோழியோ, பாதி காய் பழம். முதல் நாள் அக்கா, "என்னடா, கோவமா?"ன்னாங்க. இனிப்பு நீர்னு சொன்னதும் ஒண்ணும் பேசலை. அப்பளத்தை எடுத்துட்டு இன்னொரு கரண்டி கீரை வெச்சாங்க.

மாத்திரையும் சேர்ந்துதான் வேலை செஞ்சது, அதை மறைக்கக் கூடாது. ஆறு மாசத்துல எச்பிஏ1சி 7.4.

மறுமொழி:
எனக்குப் பள்ளிக்கூடம் போற ரெண்டு பிள்ளைங்க. மாசம் ஒரு தடவை பொரிச்ச கோழி கேப்பாங்க, வாங்கித் தருவேன். செட்ல வர்ற காஸ் தண்ணியை மட்டும் மினரல் தண்ணியா மாத்தச் சொல்லுவேன். வறுத்த கிழங்கு ஒரு பொட்டலம்தான், ரெண்டு பேரும் பங்கு போட்டுக்குவாங்க. பெரியவன் இப்போ தானாவே தோலை உரிச்சு ஓரமா வெச்சிடுறான். பாசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தை) விக்கிற சிராப் பண்டுங், அந்த ரோஸ் சிராப் பால் தண்ணியைத்தான் இன்னும் நிறுத்த முடியலை. அந்த ரோஸ் கலரைப் பார்த்தா சின்னவள் நகரவே மாட்டா.

மறுமொழி:
அண்ணன் சொன்னதோட ஒரு விஷயம் சேர்க்கணும். என் மாமனார் கிலிக்கிளாசைட்னு சீனியைக் குறைக்கிற மாத்திரை போடுறவர். இதே மாதிரி யாரோ சொன்னதைக் கேட்டு டாக்டர்கிட்ட சொல்லாமலே சோத்தைப் பாதியாக் குறைச்சாரு, ராத்திரிச் சாப்பாட்டையும் விட்டாரு. மாத்திரை மட்டும் பழைய அளவு. மறுநாள் காலையில பஸ் நிறுத்தத்துல கை நடுங்கி, சட்டையெல்லாம் வேர்வை, பேச்சு குழறிடுச்சு. ரத்தத்துல சீனி இறங்கிடுச்சுன்னு புரிஞ்சு பக்கத்துக் கடையில ஓடிப் போய் மூணு தேக்கரண்டி சீனியைத் தண்ணியில கலக்கிக் கொடுத்தேன். கால் மணி நேரத்துல தெளிஞ்சாரு. இன்சுலின் போடுறவங்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. சோத்தைக் குறைக்கிறதுக்கு முன்னாடி மாத்திரைப் பையோட கிளினிக் போய்க் கேளுங்க. மாமனாருக்குக் காலை மாத்திரையைப் பாதியாக்கிக் கொடுத்தாங்க. இப்போ அவர் சட்டைப் பையில எப்பவும் ரெண்டு மிட்டாய் இருக்கு, பேரப்பிள்ளை கேட்டாலும் தர மாட்டார்.