சிகாகோ மேயர்கள்: நாங்கள் கண்டதும் கேட்டதும்

இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷத்தில் எந்த மேயரோடும் நான் கைகுலுக்கியதில்லை. ஆனால் பனி கொட்ட ஆரம்பித்தால் போதும், பழைய ஆட்கள் வாயில் ஒரு முன்னாள் மேயரின் பெயர் தானாக வந்துவிடும்: மைக்கேல் பிலாண்டிக். எனக்கு அவரை அறிமுகப்படுத்தியது நாங்கள் முதலில் குடியிருந்த வீட்டுக்கார அம்மா. நாங்கள் மாடியில், அவர் கீழே.

1979 ஜனவரி நடுவில், ஏற்கெனவே குவிந்துகிடந்த பனிமேல் இன்னும் இருபது அங்குலம் விழுந்ததாம். பள்ளிக்கூட வாகன நிறுத்தங்களையெல்லாம் சுத்தம் செய்தாயிற்று, காரை அங்கே விடுங்கள் என்றாராம் மேயர். அந்த அம்மாவின் கணவர் போய்ப் பார்த்தால் இடுப்பளவு பனி அப்படியே கிடக்கிறது! பனிக்கு மேயர் என்ன செய்வார், பொய்யைத்தான் பொறுக்க முடியவில்லை என்பார் அந்த அம்மா. அது போதாதென்று, ரயிலை வேகமாக ஓட்டுகிறோம் என்று கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளின் நிலையங்களில் நிறுத்தாமலே விட்டார்கள்.

அடுத்த மாதம் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தல். 1931-க்குப் பிறகு குடியரசுக் கட்சி மேயர் ஒருவர்கூட இங்கே கிடையாது, ஆகவே அதுதான் நிஜத் தேர்தல். பிலாண்டிக்கே வேலையைவிட்டு நீக்கிய ஜேன் பர்ன் அவரைத் தோற்கடித்து, சிகாகோவின் முதல் பெண் மேயர் ஆனார். தேர்தலைப் பிப்ரவரியில் வைத்தால் பின்னே என்ன ஆகும்?

இப்போதெல்லாம் ஓர் அங்குலம் பெய்யும் என்றாலே ராத்திரியோடு ராத்திரியாக உப்பு லாரிகள் கிளம்பிவிடுகின்றன. விடிந்தால் காலடியில் நறநறவென்று உப்பு. செருப்பு அலமாரி முழுக்க வெள்ளைக் கறை. ஒவ்வொரு தடவையும் பிலாண்டிக்கை நினைத்துக்கொள்வேன். 2011 பிப்ரவரிப் பனிப்புயலில் ஏரிக்கரைச் சாலையான லேக் ஷோர் டிரைவில் நூற்றுக்கணக்கான வண்டிகள் சிக்கிக்கொண்டன. அப்போது மேயராக இருந்த ரிச்சர்ட் எம். டேலி, மறுபடி நிற்கப்போவதில்லை என்று முன்பே சொல்லிவிட்டிருந்தார். மனிதர் தப்பித்தார்!

* * *

பனி சரி, ஹெரால்ட் வாஷிங்டனை விட்டுவிட்டீர்களே. என் அலுவலகத்தில் ஒரு மூத்த கறுப்பினப் பெண்மணி இருந்தார். அவர் மேசை இழுப்பறையில் சூரியக் கதிர் போட்ட நீல பேட்ஜ் ஒன்று எப்போதும் இருக்கும். 1983-இல் வாஷிங்டன் முதல் கறுப்பின மேயரானபோது குத்திக்கொண்டது. கட்சி மாறாத ஊரில் அந்த ஒரு தடவை மட்டும் வெள்ளையர்களில் பெரும்பாலோர் குடியரசுக் கட்சி வேட்பாளருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்பதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறுகும்.

ஜெயித்தும் நிம்மதியில்லை. நகர மன்றத்தில் ஐம்பது பேரில் 29 பேர் எதிரணி. அவர்கள் கொண்டுவந்ததை இவர் வீட்டோ செய்வார், இவர் கொண்டுவந்ததை அவர்கள் முடக்குவார்கள். 1986-இல் சில வார்டுகளில் சிறப்புத் தேர்தல் நடந்த பிறகுதான் கணக்கு 25-க்கு 25 ஆனது. மறு வருஷம் மீண்டும் ஜெயித்தார். ஆனால் நவம்பர் 25-இல், நன்றி தெரிவிக்கும் நாளுக்கு முந்தைய தினம், அலுவலகத்திலேயே மாரடைப்பு. சிட்டி ஹாலில் உடலைப் பார்க்கக் குளிரில் நின்ற வரிசையில் தானும் இருந்ததாக அந்தப் பெண்மணி சொல்வார். ஊர் நடுவே இருக்கும் பெரிய நூலகத்துக்கு வாஷிங்டன் பெயர்தான். அதை அந்தப் பெண்மணி வெறும் 'நூலகம்' என்று சொல்லி நான் கேட்டதில்லை, "ஹெரால்டு"தான்.

* * *

டேலி தப்பித்தார் என்றவருக்கு: அவர் தப்பித்தது அந்த ஒரு தடவையா என்ன! கோடையில் பிள்ளைகளோடு நார்தர்லி ஐலண்ட் பூங்காவுக்குப் போவோம். அந்தப் புல்வெளி 2003 வரை மெய்க்ஸ் ஃபீல்ட் விமானத்தளம். மார்ச் 30 நள்ளிரவில் புல்டோசர்களை அனுப்பி ஓடுபாதையில் பெரிய பெரிய பெருக்கல் குறிகளாகத் தோண்டிப்போட்டார். விடிந்தபோது அங்கே 16 விமானங்கள் அகப்பட்டு நின்றன. விமானத் துறை போட்ட அபராதம் 33,000 டாலர். அதைக் கட்டியதும் நகராட்சிதான். 2007-இல் அதே மனிதரை எழுபது சதவீத ஓட்டோடு மறுபடி உட்காரவைத்தோம்.