இருபது வளைவுக்கு முன்னால் படித்தவை

சமீபத்தில் என்ன படித்தீர்கள், அடுத்து என்ன படிக்கப் போகிறீர்கள் என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். என் கணக்கு கொஞ்சம் வேடிக்கையானது. வீடு சேலம் அம்மாபேட்டையில், வேலை ஏற்காட்டில். தினமும் காலையில் பஸ். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம் வரை படிக்கலாம். அதற்கு மேல் ஒரு வரி படித்தாலும் குமட்டும். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு. புத்தகத்தை மூடிவிட்டு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு உட்கார வேண்டியதுதான். அன்றைய டிக்கெட்டையே பக்கத்துக்கு அடையாளமாகச் செருகி வைப்பேன்.

முதலில் எரிச்சலாக இருந்தது. கதை சூடு பிடிக்கிற இடத்தில்தான் சரியாக அடிவாரம் வந்து தொலைக்கும். இப்போது பழகிவிட்டது. கீழே படித்த பத்துப் பக்கம் மலை ஏறி முடிக்கும்வரை மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். வீட்டில் மெத்தையில் சாய்ந்து படித்த புத்தகங்களைவிட இப்படி விட்டு விட்டுப் படித்தவைதான் மனதில் நிற்கின்றன.

பூமணியின் 'வெக்கை'யை 'அசுரன்' பார்த்த பிறகுதான் எடுத்தேன், ஒளிப்பானேன். 1982-ல் வந்த நாவல். படத்தில் பார்த்த சண்டையெல்லாம் எப்போது வரும் என்று முதல் ஐம்பது பக்கம் தேடினேன். வரவே இல்லை. அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு ஓடுகிறான் பதினைந்து வயசுச் சிதம்பரம். அப்புறம் அவனும் அப்பாவும் காட்டில் மறைந்து திரிகிறார்கள். இன்றைக்கு எதைத் தின்பது, எங்கே படுப்பது என்றே பக்கங்கள் நகர்கின்றன. ஏமாந்துவிட்டோமோ என்று நினைத்தேன். மூன்றாம் நாள் ஏழாவது வளைவிலோ எட்டாவதிலோ, அந்த அப்பாவையே நினைத்துக்கொண்டிருந்தேன். மகன் கொலை செய்துவிட்டு வந்து நிற்கிறான், அவர் அவனுக்குச் சாப்பாட்டுக்கு வழி பார்க்கிறார். நான் பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டதற்கே எங்கள் அப்பா மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' சின்னப் புத்தகம், ஒரே வாரத்தில் முடிந்தது. 1942-ல் எழுதியது. ஆனால் அந்தக் கொங்குப் பேச்சு நேற்று எங்கள் ஆத்தா திண்ணையில் உட்கார்ந்து பேசிய மாதிரி இருக்கிறது. புருஷனை இழந்தவள் கொழுந்தனிடம் தன் பங்கு நிலத்தைக் கேட்கிறாள். எங்கள் பெரியம்மா தன் பங்கைக் கேட்டபோது வீட்டில் எல்லோரும், "அவளுக்கு யாரோ சொல்லிக் கொடுக்கறாங்க" என்றார்கள். நானும் தலையாட்டினவன்தான். கதையில் கெட்டியப்பன் என்று ஒருவன் தூண்டிவிடத்தான் செய்கிறான். அதனால் என்ன, கேட்பது அவள் பங்குதானே என்று தோன்றியபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. முடிவு மட்டும் சட்டென்று அறுத்துவிட்டது போல இருக்கிறது. எனக்கு அதில் குறைதான்.

இனி சொல்ல வந்த விஷயம். 'எரியும் பனிக்காடு'. பி.எச். டேனியல் 1969-ல் 'ரெட் டீ' என்று ஆங்கிலத்தில் எழுதியதை இரா. முருகவேள் தமிழில் தந்திருக்கிறார். டேனியல் தோட்டங்களில் டாக்டராக வேலை பார்த்தவர், தொழிற்சங்கமும் கட்டியவர். திருநெல்வேலிப் பக்கத்துக் கருப்பனும் வள்ளியும் மேஸ்திரி கொடுத்த முன்பணத்தை நம்பி வால்பாறை தேயிலைக் காட்டுக்குப் போகிறார்கள். அந்தப் பணம் அடையவே அடையாது. பாலாவின் 'பரதேசி' இதிலிருந்து எடுத்ததுதான்.

ஒரு நாள் பக்கத்து சீட்டில் ஒரு பாட்டி. சேலத்தில் மகள் வீட்டில் தங்கி ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறார். மடியில் மஞ்சப்பை. அடிவாரத்தில் நான் புத்தகத்தை மூடியதும் கேட்டார்.

"என்ன கண்ணு, கதைப் பொஸ்தகமா?"

"ஆமாம் பாட்டி. மேஸ்திரி முன்பணம் கொடுத்து எஸ்டேட்டுக்கு ஆள் கூட்டிட்டுப் போற கதை."

"அது கதையா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்க மாமனாரு வாங்கினதை எங்க வீட்டுக்காரரு அடைச்சாரு" என்றார். ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் பழம் பறித்தவராம். கையை விரித்துக் காட்டினார். வலது கை ஆள்காட்டி விரல் முழுதாக நீளவில்லை, பாதியில் வளைந்தே நின்றது. பழத்தைத் திருகித் திருகி அப்படியே நின்றுவிட்டது என்றார்.

இந்த மலைக்குக் காபி வந்தது 1820-களில், காக்பர்ன் என்ற சேலம் கலெக்டர் காலத்தில். நான் இங்கே வேலைக்கு வந்து ஒன்பது வருஷம். மேலே ஏறியதும் சில்வர் ஓக் மரமும் அதில் ஏறிய மிளகுக்கொடியும் கீழே காபிச் செடியும் தினமும் கண்ணில் படுகின்றன. சொந்தக்காரர்கள் வந்தால் அதற்கு முன்னால் நிற்க வைத்துப் போட்டோ எடுத்துக் கொடுப்பேன். அன்றைக்கு அந்தப் பக்கம் பார்க்கக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

பாட்டி வளைவு முழுக்கக் கதை கேட்டார். படித்தவரை சொன்னேன். நடுநடுவே, "காய்ச்சல் வந்துச்சா?", "லைன் வீட்டுல எத்தனை பேரு?" என்று திருத்துகிறவர் மாதிரி கேள்வி. ஒண்டிக்கடையில் இறங்கும்போது, "அந்தப் புள்ள ஊரு திரும்புச்சான்னு அடுத்த மாசம் சொல்லு கண்ணு" என்றார்.

அடுத்துப் படிக்க இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன். 2023-ல் சாகித்ய அகாதமி வாங்கிய தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' பைக்குள் அடங்கும், அது பஸ்ஸுக்கு. பூமணியின் 'அஞ்ஞாடி' ஆயிரம் பக்கத்துக்கு மேல். நின்றுகொண்டு போகும் நாளில் அதைக் கையில் பிடிக்க முடியாது. அது மே மாதத்துக்கு, வீட்டில்.

'எரியும் பனிக்காடு' முடித்துவிட்டேன். முடிவை இங்கே சொல்லப் போவதில்லை, படிக்காதவர்கள் இருப்பீர்கள். பாட்டியிடம் சொல்ல வேண்டுமா என்பதுதான் தெரியவில்லை. மாதம் பிறந்து பத்துத் தேதிக்குள் மாத்திரை வாங்க வருவாராம். இப்போதெல்லாம் பஸ்ஸில் ஏறியதும் முதலில் சீட்டுகளைத்தான் பார்க்கிறேன்.