ஃபெரெட் பக்கவாட்டில் துள்ளுகிறது: கோபமா, விளையாட்டா?

புதுக்காவலன்:
நண்பர் ஊரில் இல்லை, அவருடைய ஃபெரெட் (நீள உடம்பும் குட்டைக் காலும் உள்ள வளர்ப்புப் பிராணி) இப்போது என் பொறுப்பு. மாலையில் கூண்டைத் திறந்ததும் முதுகை வளைத்து, வாயைப் பிளந்துகொண்டு பக்கவாட்டில் துள்ளுகிறது. சுவரில் மோதி விழுந்து, எழுந்து, மறுபடி துள்ளல். கூடவே 'க்ளுக் க்ளுக்' என்று சத்தம் வேறு. கடிக்க வருகிறதா? பகல் முழுக்கத் தூக்கம். மதியம் கையில் தூக்கினேன், தலை தொங்கியது, கண்ணே திறக்கவில்லை. ஆடிப்போய்விட்டேன். இது கீரி வகைதானே?

மஞ்சள்திண்ணை:
கடிக்க இல்லை, கூத்தடிக்கிறது. நாங்கள் 'வார் டான்ஸ்' என்போம். உங்களை விளையாடக் கூப்பிடுகிறது, அவ்வளவுதான். மோதி விழுவதைப் பற்றி அதற்குக் கவலையே கிடையாது. அந்தக் 'க்ளுக்'கும் குஷியில் வருவதுதான். சீறிக்கொண்டோ கிறீச்சிட்டுக்கொண்டோ பின்வாங்கினால் மட்டும் தொடாமல் விடுங்கள்.

ஒரு நாளில் 14 முதல் 18 மணி நேரம் தூங்கும். விடியலும் அந்தியும்தான் அதன் நேரம். செத்த மாதிரி தூங்குவதும் சகஜம்; என்னிடம் இருக்கும் இரண்டில் மூத்தவளை எழுப்ப இன்றைக்கும் பேர் சொல்லிக் குலுக்க வேண்டும். ஆனால் ஒன்று: எழுந்தபின் எச்சில் வடிந்தாலோ, பின்னங்கால் தள்ளாடினாலோ, வாயை முன்னங்காலால் பிறாண்டினாலோ அது தூக்கம் இல்லை. ரத்தச் சர்க்கரை இறங்கியிருக்கலாம். வயதான ஃபெரெட்டுகளுக்குக் கணையத்தில் கட்டி வந்து இப்படி ஆவதுண்டு. உடனே மருத்துவரிடம் போங்கள். பாசத்தில் பழம், பிஸ்கட் என்று நீட்டவே நீட்டாதீர்கள். முழு மாமிசப் பட்சிணி அது.

கீரி இல்லை. நீர்நாய்க்குத்தான் சொந்தம். ஐரோப்பிய போல்கேட் என்ற காட்டு விலங்கிலிருந்து வந்தது. முயலை வளையிலிருந்து விரட்ட இரண்டாயிரம் வருடங்களாக மனிதர்கள் பழக்கி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் சட்டைக் கை, குழாய், சோபா ஓட்டை எதைக் கண்டாலும் தலையை விடும்.

வடக்குவாசல்:
உங்களுக்கு ஃப்ளூ வந்தால் கிட்டே போகாதீர்கள். நம்மிடமிருந்து அதற்கும், அதனிடமிருந்து நமக்கும் தொற்றும். 1933இல் மனித ஃப்ளூ வைரஸை லண்டனில் பிரித்தெடுத்ததே ஃபெரெட்டுகளை வைத்துத்தான். அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு ஃபெரெட் முகத்தில் தும்மியதில் ஆய்வாளர் ஒருவரும் படுத்தார்.

புதுக்காவலன்:
நன்றி, நிம்மதி. இன்னொன்று. சாக்ஸ் காணாமல் போகிறது, சரி. இப்போது இயர்போனின் ரப்பர் முனையையும் காணோம்.

மஞ்சள்திண்ணை:
சாக்ஸ் கிடக்கட்டும், ரப்பரை முதலில் தேடுங்கள். பதுக்குவது அதன் பிறவிக் குணம், ஆனால் ரப்பரைக் கண்டால் மென்று விழுங்கியும் விடும். குடல் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. சாதாரணமாகத் தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். சாப்பிடாமல் சுருண்டு கிடந்தாலோ, வாந்தி எடுத்தாலோ, கழிவே வராவிட்டாலோ காலைவரை காத்திருக்காதீர்கள். இருட்டான மூலைகளில் பாருங்கள், சோபாவின் அடித்துணி கிழிந்திருக்கிறதா என்றும்.

புதுக்காவலன்:
கிழிந்திருந்தது! உள்ளே கையை விட்டேன்: ரப்பர் முனை முழுசாக, சாக்ஸ், பேனா மூடி, என் அலமாரிச் சாவி. அப்புறம் யாருடையது என்றே தெரியாத ஒற்றைக் கையுறை.