சென்னை வெயிலிலும் வைட்டமின் டி குறைவா? எங்கள் வீட்டு அனுபவம்

அம்மாவுக்கு இடுப்பிலும் தொடையிலும் விடாத வலி. கைப்பிடியைப் பிடிக்காமல் மாடிப்படி ஏற முடியவில்லை. டாக்டரம்மா, ரத்தத்தில் வைட்டமின் டி அளவைப் பார்க்கும் 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி பரிசோதனை எழுதிக் கொடுத்தார். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு என்பார்கள். அம்மாவுக்கு வந்தது 9.

"தினமும் விடிந்ததும் மொட்டைமாடியில் நடக்கிறேனே டாக்டர், எனக்கா வெயில் போதவில்லை?" என்று கேட்டுவிட்டார் அம்மா. அதற்குக் கிடைத்த பதிலுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தோலில் வைட்டமின் டி-யை உண்டாக்குவது புற ஊதா பி கதிர். காலையில் சூரியன் சாய்வாக இருப்பதால் அந்தக் கதிர் காற்றுக்குள் நெடுந்தூரம் வர வேண்டியிருக்கிறது, வழியிலேயே ஓசோன் பெரும்பகுதியை உறிஞ்சிவிடுகிறது. இளவெயில் நடைக்கு இதம்தான், ஆனால் வைட்டமின் டி-க்கு அவ்வளவாக உதவாது. மூடிய கண்ணாடி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாலும் அப்படியே. சூடு வரும், இந்தக் கதிர் வராது.

"உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும்போது போங்கம்மா" என்றார் டாக்டர். எனக்கு மிகவும் பிடித்துப்போன அளவுகோல் இது. சென்னையில் டிசம்பரில்கூட உச்சிவேளையில் நிழல் குட்டைதான். முகம் மட்டும் போதாது, கையிலும் காலிலும் வெயில் பட வேண்டும். மாநிறத் தோலுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும். அதற்காகத் தோல் எரியும்வரை நிற்கக் கூடாது. யோசித்துப் பார்த்தால், அந்தக் காலத்தில் வடகம் காயப்போட்டு மாடியிலேயே காவல் இருந்தவர்களுக்குச் சரியான நேரத்து வெயில் தானாகக் கிடைத்திருக்கிறது. இப்போது அபார்ட்மெண்ட் மாடிக்குப் பூட்டு!

வயதானவர்களின் தோல் குறைவாகத்தான் உற்பத்தி செய்யும் என்பதால் அம்மாவுக்கு வாரம் ஒரு 60,000 யூனிட் மாத்திரையும் கொடுத்தார்கள், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். இதைச் சீட்டில்லாமல் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் போடுகிறவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. வெயிலில் மிஞ்சியதைத் தோலே சிதைத்துவிடும். மாத்திரை மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகம் வரை கெடும். அம்மா இப்போது கைப்பிடி இல்லாமல் படி ஏறுகிறார்.

டொராண்டோவிலிருந்து ஒரு பதில்:

அக்கா, அந்த நிழல் கணக்கை இங்கே பார்த்தால் திகைத்துப்போவீர்கள். செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை நடுமத்தியானத்திலும் நிழல் எங்களைவிட நீளம். பனிமேல் வெய்யில் பளீரென்று அடிக்கும், ஆனால் நடுக்குளிர்காலத்தில் தோலில் விட்டமின் டி உருவாகாது என்றே சொல்லலாம். அதனால்தான் கனடாவில் பாலில் விட்டமின் டி சேர்க்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. என் மகள் பிறந்தபோது, தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு நாளுக்கு 400 யூனிட் சொட்டு மருந்து கொடுக்கச் சொன்னார்கள். "யாழ்ப்பாணத்தில நாங்கள் பிள்ளையை முற்றத்தில கிடத்துவம், இதென்ன சொட்டு?" என்று அம்மம்மா கேட்டா. அவவுக்கும் இப்போது குளிர்காலத்தில் டொக்டர் சொன்ன குளிசை நடக்கிறது.